பி27 பாசிட்டிவ், காலையில் இடுப்பு விறைப்பு, அண்ணனுக்கு கிரோன் நோய் (நீடித்த குடல் அழற்சி): எனக்கும் குடல் நோய் வருமா? என்ஓடி2 மரபணுச் சோதனை எடுக்கலாமா?

என்ஓடி2-க்குச் செலவழிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் காலை நேர இடுப்பு விறைப்புக்கு அந்தச் சோதனையில் பதில் கிடைக்காது.

முதலில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை, அதாவது உங்கள் பி27. முதுகெலும்பு இறுக்க வாதத்தோடு (ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்) இதற்குள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாதம் வருவதே இல்லை. குடல் நோயோடு சேர்ந்து வரும் முதுகு வாதத்தில் பி27 இல்லாதவர்களும் கணிசம். அதனால் நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

என்ஓடி2 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கிரோனோடு அதன் தொடர்பு 2001-ல் வெளியானது. பாக்டீரியாச் சுவரின் துணுக்கை மோப்பம் பிடிக்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. அதில் பேர்போன மாற்றம் ஒன்றில் 'சி' என்ற ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து கூடுதலாக நுழைந்துவிடும். அதற்குப் பிறகு வாசிப்பே தடம் மாறி, புரதத்தின் கடைசி 33 அமினோ அமிலங்கள் வராமலே போய்விடும். இரண்டு பிரதியும் இப்படி இருந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும்; அப்போதும் பெரும்பாலோருக்கு நோய் வராது. மேலும் இது ஐரோப்பிய வம்சத்தாரிடம் காணப்படும் மாற்றம். ஜப்பானியர், சீனரிடம் கிட்டத்தட்ட இல்லை; தெற்காசியரிடம் மிக அரிது.

உருப்படியாகச் செய்யக்கூடியது வேறு. வலி மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா, படுத்திருந்தால் கூடி நடமாடினால் குறைகிறதா, பின்னிரவில் எழுப்புகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ, 'ஸ்டிர்' என்ற படமெடுக்கும் முறையோடு. எலும்புக்குள் உள்ள நீர்க்கோப்பு அதில்தான் வெள்ளையாகத் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகலாம்.

குடலுக்கு, மலத்தில் கால்ப்ரொடெக்டின் சோதனை; குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் இது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் கொலனோஸ்கோபி பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் மாதிரி வலி மாத்திரைகளே இந்த எண்ணை ஏற்றிவிடும். டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி கொடுங்கள்.

இரண்டு நோய்க்கும் பொதுவான மரபணுக்கள் உண்டு என்பது உண்மைதான். ஐஎல்23ஆர் என்ற மரபணு கிரோனில் 2006-லும் முதுகு வாதத்தில் 2007-லும் அகப்பட்டது. ஆனால் மரபணு ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது. அழற்சியைத் தூண்டும் ஐஎல்-23 என்ற புரதத்தைத் தடுக்கும் உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப் மருந்துகள் கிரோனில் வேலை செய்கின்றன, முதுகெலும்பில் எடுபடவில்லை. செகுகினுமாப் என்ற மருந்து நேர்மாறு: முதுகுக்கு நல்லது, கிரோனில் சோதித்தபோது நிலைமை மோசமானது. எடானர்செப்ட் முதுகைக் கவனிக்கும், குடலுக்கு உதவாது. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் இரண்டு பக்கமும் கேட்கும்.

ஆகவே ருமட்டாலஜிஸ்ட் (வாத நோய் மருத்துவர்) இந்த மருந்துகளில் முதல் ஊசியை எழுதும் முன்பே அண்ணனின் கிரோனைச் சொல்லிவிடுங்கள். குடும்ப விவரம் கேட்கும் இடத்தில் சர்க்கரை, பிபி எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.