ஆள் நடமாட்டம் குறைந்த பொதுப்பாதையை மூடலாமா? கேள்வி பதில்

கே: எங்கள் நிலத்துக்கு நடுவே ஒரு பொதுப்பாதை போகிறது. பல வருடங்களாக யாரும் அதில் வருவதில்லை. வேலி போட்டு அடைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. பாதைத் தகராறுகள் பலவும் இந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கின்றன. ஒருவர் நிலத்தின் வழியே இன்னொருவர் போய்வரும் பாத்தியம் வேறு, பொதுமக்களின் பாதை உரிமை வேறு. முதலாவது, பயன்படுத்தாமல் விட்டால் அழிந்துபோகலாம். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 47-ஆம் பிரிவில், அதற்கு 20 ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறது. பொதுப்பாதைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒருமுறை பொதுப்பாதை ஆனது என்றைக்கும் பொதுப்பாதைதான் என்று 1860-இல் இங்கிலாந்தில் டாஸ் எதிர் ஹாக்கின்ஸ் வழக்கில் சொன்னதை இந்திய நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மட்டும், நெடுங்காலம் பயன்படாத பாதையைக் கைவிடப்பட்டதாகக் கருத இடமுண்டு.

கே: அப்படியானால் மூடவே முடியாதா?

ப: முடியும், ஆனால் முறைப்படி. அதிகாரம் உள்ளவர்கள் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, ஆணை போட வேண்டும். இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் போனால், குறைந்தது 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதையின் இரண்டு முனையிலும் அதை ஒட்ட வேண்டும். மூடுவதானால் அந்தப் பாதை தேவையற்றது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆள் குறைவு என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. பாதைக் கடைசியில் ஒரே ஒரு வீடு இருந்தாலும், அந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர வேறு வழி இல்லையென்றால் அது தேவையான பாதைதான். அந்த ஒரு குடும்பத்தின் ஆட்சேபணையை எண்ணிக்கை காட்டித் தள்ளிவிடுவது அநியாயம்.

கே: பாதையைப் பராமரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூடியதாக ஆகிவிடுமா?

ப: ஆகாது. புல் முளைத்ததால் உரிமை போய்விடாது.

கே: பக்கத்து நிலக்காரர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். என்ன செய்வது?

ப: முதலில் பூட்டை உடைக்காதீர்கள், வழக்கு உங்கள் மேலேயே திரும்பிவிடும். இந்தியாவில் என்றால், பொதுவழித் தடையை நீக்கக் கோரி, வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி, இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியுடன் வழக்குப் போடவும் வழி உண்டு. எதுவானாலும் பழைய நில அளவை வரைபடம், பாதையை எல்லையாகக் காட்டும் கிரயப் பத்திரங்கள், அப்புறம் அந்தப் பாதையில் போய்வந்த பெரியவர்களின் சாட்சியம், இவற்றை முதலில் சேர்த்துவிடுங்கள்.

கே: மூடிய பாதையின் நிலம் யாருக்குப் போகும்?

ப: பாதைக்கான நிலத்தையே அரசு வாங்கியிருந்தால் அரசுக்கு. நடக்கும் உரிமை மட்டும் இருந்த இடத்தில், ஆங்கிலச் சட்ட மரபில், இரு பக்க நிலக்காரர்களுக்கும் நடுக்கோடு வரை சொந்தம் என்பது பொது அனுமானம். பத்திரம் வேறு மாதிரி சொன்னால் அது மாறும். அதனால் மூடச் சம்மதிக்கும் முன்பே, உள்ளே இருக்கும் நிலத்துக்கு வழிப் பாத்தியம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.