இரண்டாம் உலகப் போரின் எல்லா முனைகளையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்க எந்த நாளைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கும் குறை எனக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். போரை முனை முனையாகப் படித்தால் பசிபிக் ஒரு கதை, ரஷ்யா ஒரு கதை, பர்மா ஒரு கதை என்று தனித்தனியாக நின்றுவிடுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார். முடியும். நான் தேர்ந்தெடுப்பது 1944 ஜூன் 22, வியாழக்கிழமை.

பலர், நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் கரையிறங்கிய ஜூன் 6 என்பார்கள். ஆனால் அந்த நாளில் நார்மண்டி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். 22-ஆம் தேதியில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று தீர்மானமாகிக் கொண்டிருக்கிறது. சூரியன் போகும் வழியிலேயே, கிழக்கிலிருந்து மேற்காகப் போகலாம்.

முதலில் பசிபிக்கில் ஜப்பானியர் கையில் இருந்த சைபான் தீவு. அமெரிக்கர்கள் கரையிறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று இரண்டு மரைன் டிவிஷன்கள் (கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் பெரிய படைப்பிரிவுகள்) வடக்கு நோக்கி, தபோச்சௌ மலைப் பக்கம் நகர ஆரம்பித்தன. கைப்பற்றிய அஸ்லிட்டோ விமானதளத்தில் அமெரிக்க பி-47 (P-47) சண்டை விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கின. அதே நாளில், பிலிப்பைன் கடல் போரில் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த ஜப்பானியத் தளபதி ஒஸாவா, மிஞ்சிய கப்பல்களோடு பின்வாங்கி ஜப்பானின் ஒக்கினாவா தீவுக்கு வந்து சேர்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சைபானில் இருந்த ஏறத்தாழ 30,000 ஜப்பானிய வீரர்களுக்கு இனி எந்த உதவியும் வராது என்பது அன்றே முடிவாகிவிட்டது. தீவில் சண்டை ஜூலை 9 வரை நீண்டது. அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை.

அடுத்து சீனா. சாங்ஷா நகரம் 18-ஆம் தேதி விழுந்துவிட்டது. ஜப்பானியப் படை தெற்கே ஹெங்யாங்கின் வாசலுக்கு வந்திருந்தது. 22, 23 தேதிகளில் அங்கே முற்றுகை தொடங்கியது. உள்ளே ஃபாங் சியான்ஜுவே தலைமையில் களைத்துப்போன சீனப் பத்தாம் படை. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் அவரிடம் எதிர்பார்த்தார். 47 நாள் நின்றார்கள். ஐரோப்பாவைப் பற்றி நூறு பக்கம் எழுதும் புத்தகங்கள் ஹெங்யாங்குக்கு ஒரு வரி ஒதுக்குவதே அபூர்வம் என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

இனி நம் பக்கம். பர்மாவிலிருந்து ஜப்பானியர் இந்தியாவின் வடகிழக்கு எல்லைக்குள் நுழைந்திருந்தார்கள். திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் மலைச்சாலை மார்ச் கடைசியிலிருந்து அடைபட்டுக் கிடந்தது. ஜூன் 22 காலை பத்தரை மணிக்கு, வடக்கே கொஹிமாவிலிருந்து இறங்கி வந்த பிரிட்டிஷ் 2-ஆம் டிவிஷனும், தெற்கே இம்பாலிலிருந்து ஏறி வந்த 5-ஆம் இந்திய டிவிஷனும் 109-ஆம் மைல்கல் அருகே சந்தித்தன. சாலை திறந்தது. அன்றே லாரி வரிசை இம்பாலுக்குள் போனது. அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே ஒரு படையை நிறுத்திவிடலாம். மியாசாகி என்ற ஜப்பானியத் தளபதி கையில் இருந்த கொஞ்சம் ஆட்களோடு அதைத்தான் செய்து பார்த்தார். கொஹிமாவில் ஜப்பானியர் பின்வாங்க ஆரம்பித்த பிறகும் சாலை திறக்க மூன்று வாரம் ஆனது அதனால்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் கதைதான் எனக்கு முக்கியம். கொஹிமாவைத் தாக்கிய ஜப்பானிய 31-ஆம் டிவிஷனின் தலைவர் சாட்டோ. மூன்று வாரத்துக்கான சாப்பாட்டைச் சுமந்துகொண்டு மலை ஏறி வந்தவர்கள் அவருடைய ஆட்கள். அதற்கு மேல் தேவைப்படுவதை எதிரியின் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது மேலதிகாரி முட்டாகுச்சியின் கணக்கு. கிடங்கு கிடைக்கவில்லை. அனுப்புவதாகச் சொன்ன அரிசியும் வரவில்லை. குண்டும் தீர்ந்துகொண்டு வந்தது. மழைக்காலம் வேறு பிடித்துக்கொண்டது. மே கடைசியில் சாட்டோ, உத்தரவை மீறி, தன் பொறுப்பில் படையைத் திருப்பி அழைத்துப் போனார். ஜப்பானிய ராணுவத்தில் டிவிஷன் தலைவர் ஒருவர் இப்படிச் செய்வது கேள்விப்படாத விஷயம். ராணுவ நீதிமன்றத்தில் தனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று அவர் காத்திருந்தார். அதற்கு வழி விடாமல் அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ஸ்கூன்ஸின் படைக்கும் 'அங்கேயே நில்' என்றுதான் உத்தரவு. அவர்களையும் சுற்றி வளைத்திருந்தார்கள். ஆனால் டக்கோட்டா சரக்கு விமானங்கள் தினமும் வந்து இறங்கின. முற்றுகைக் காலத்தில் சுமார் 19,000 டன் பொருள் வானத்தின் வழியாகவே வந்தது. திரும்பிப் போகும் விமானங்களில் காயம்பட்டவர்களையும் போருக்குத் தேவைப்படாத ஆட்களையும் ஏற்றி அனுப்பினார்கள். உத்தரவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் அரிசி வந்தது, இன்னொரு பக்கம் வரவில்லை. இம்பால் போரின் முடிவை வீரத்தை வைத்து விளக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு பக்கமும் வீரம் குறையவே இல்லை.

இம்பாலுக்கு அருகே பாலேல் பக்கம் இருந்த இந்திய தேசிய ராணுவத்தின் கதியும் இதேதான். மலாயா தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பலரும் போஸின் அழைப்பைக் கேட்டுச் சேர்ந்த இயக்கம் அது. எல்லைக்கு வந்த அதன் படைகளுக்கு ஜப்பானியர் வழியாகத்தான் சாப்பாடும் மருந்தும் வர வேண்டும். ஜப்பானியருக்கே இல்லாதபோது அவர்களுக்கு எங்கிருந்து வரும்? பசியிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் ஏராளம். இத்தனைக்கும் பிறகு முட்டாகுச்சியின் படைக்கு முறையாகப் பின்வாங்க அனுமதி கிடைத்தது ஜூலையில்தான். ஜூன் 22 அன்று, சாலை திறந்த பிறகும், இம்பாலைச் சுற்றியிருந்த மற்ற ஜப்பானியப் பிரிவுகள் தாக்குதலில்தான் இருந்தன.

அதே நாள், பெலாரஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே தேதியில்தான் ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் நுழைந்தார். இப்போது நேர் எதிர். விதெப்ஸ்க் நகரின் வடமேற்கில் சோவியத் தளபதி பக்ராமியானின் முன்னணிப் பட்டாலியன்கள் எதிரியைச் சோதித்துப் பார்க்கும் தாக்குதல் என்று ஆரம்பித்து, சில இடங்களில் ஜெர்மானிய வரிசையை உடைத்து உள்ளேயே போய்விட்டன. முழுத் தாக்குதல் மறுநாள், தெற்கே இன்னொரு சோவியத் தளபதி ரொக்கோசோவ்ஸ்கியின் பகுதியில் 24-ஆம் தேதி. பக்ராதியோன் நடவடிக்கை என்று பெயர். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள். ஜூன் 22-க்கு இரண்டு இரவுகளுக்கு முன்பே காட்டில் இருந்த கெரில்லாக்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் தண்டவாளத்தைத் தகர்த்திருந்தார்கள்.

ஜெர்மானியர் அடி வடக்கு உக்ரைனில் விழும் என்று நம்பி, டாங்கிப் படைகளை அங்கே நகர்த்தியிருந்தார்கள். சரி, எதிரி ஏமாற்றிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதோடு போயிருந்தால் பின்வாங்கித் தப்பியிருக்கலாம். ஆனால் விதெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பப்ரூயிஸ்க் போன்ற ஊர்களை 'கோட்டை நகரங்கள்' என்று ஹிட்லர் மார்ச் மாதமே அறிவித்திருந்தார். சுற்றி வளைத்தாலும் வெளியே வரக்கூடாது. அங்கிருந்த ஜெர்மன் தளபதி புஷ் அந்த உத்தரவை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். விதெப்ஸ்கில் இருந்தவர்கள் வெளியேற 24-ஆம் தேதி அனுமதி வந்தபோதும், 206-ஆம் டிவிஷன் மட்டும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த டிவிஷன் அழிந்தது. வெளியேறப் பார்த்தவர்களும் தப்பவில்லை. ஜூலை 3-ல் மின்ஸ்க் கைமாறியது. ஜூலை 17 அன்று சுமார் 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ வீதிகளில் நடத்திக் கூட்டிப் போனார்கள். முட்டாகுச்சியும் ஹிட்லரும் ஒரே வாரத்தில் ஒரே தவறைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது தனித்தனிப் புத்தகங்களில் எனக்குப் புலப்படவே இல்லை. தேதிகளை அருகருகே வைத்தபோதுதான் தெரிந்தது.

சோவியத் பக்கமும் அன்று எல்லாம் நல்லபடியாக இல்லை. 21 நள்ளிரவைத் தாண்டி உக்ரைனில் இருந்த பொல்தாவா விமானதளத்தில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. முந்தைய பகலில் ஜெர்மனியைத் தாக்கிவிட்டு அங்கே இறங்கியிருந்த அமெரிக்க பி-17 விமானங்களில் 40-க்கும் மேல் எரிந்துபோயின. பின்லாந்து சோர்ந்துபோய் ரஷ்யாவிடம் சமாதானம் பேசப் பார்க்க, அதைத் தடுக்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் 22-ஆம் தேதி ஹெல்சிங்கி போய் இறங்கினார். இத்தாலியில் ரோமுக்கு வடக்கே டிராசிமினோ ஏரிப் பக்கம் சண்டை.

கடைசியாக, ஜெர்மானியர் கையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகம் ஷெர்பூர். ஆங்கிலக் கால்வாயில் 19-ஆம் தேதி தொடங்கிய புயல், அமெரிக்கர்கள் ஒமாஹா கடற்கரையில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தைச் சிதைத்துவிட்டது. 22-ல்தான் கடல் அடங்கியது. ஆகவே நிஜமான துறைமுகம் ஒன்று உடனே வேண்டும். சரணடையக் கொடுத்த கெடு அன்று காலை முடிந்தது. ஜெர்மன் தளபதி ஷ்லீபன் பதில் சொல்லவில்லை. மதியம் நூற்றுக்கணக்கான விமானங்கள் குண்டு போட்டன, சில குண்டுகள் அமெரிக்கர் மேலேயே விழுந்தன. பிறகு அமெரிக்கத் தளபதி காலின்ஸின் மூன்று டிவிஷன்கள் நகர்ந்தன. இங்கேயும் கடைசி ஆள் வரை நில் என்றுதான் ஹிட்லரின் உத்தரவு. ஆனால் இதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஷ்லீபன் 26-ஆம் தேதி பிடிபடுவதற்குள் துறைமுகத்தைப் பாழாக்கிவிட்டார்கள். சரிசெய்து பெரிய அளவில் சரக்கு இறக்க வாரக்கணக்கில் ஆனது. ஹெங்யாங்கில் நின்றவர்களும் இதைப் போலவே நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். விதெப்ஸ்கில் நின்றவர்களால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இந்த முறையில் படிக்கப் பழகியபின் இன்னொரு நாள் வேண்டுமென்றால், 1941 டிசம்பர் 7, 8 எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னாலேயே. அதே நாட்களில் மாஸ்கோ வாசலில் ஜெர்மானியர் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், லிபியாவில் ஜெர்மன் தளபதி ரோமல் தோப்ருக்கை விட்டு விலகிக்கொண்டிருந்தார். சர்வதேசத் தேதிக் கோடு குழப்பும். அதனால் ஒவ்வொரு சம்பவத்தையும் முதலில் லண்டன் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள்.