நிணநீர் முடிச்சு 0/7 என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை முடிந்து மூன்று வாரம். இரண்டாம் நிலை, முடிச்சு 0/7, கீமோ வேண்டாம் என்கிறார்கள். மீண்டும் வருமா? தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்புசக்திப் பொடி வாங்கச் சொல்கிறார்.

பதில்: 0/7 என்றால் சோதித்த 7 முடிச்சில் எதிலும் புற்று இல்லை என்று பொருள். 0-வை விட எனக்குக் கவலை தருவது அந்த 7தான். குறைந்தது 12 முடிச்சுகளைச் சோதித்தால்தான் 'பரவவில்லை' என்பதை நம்பலாம். 7 மட்டும் பார்த்திருந்தால், புற்று ஏறிய முடிச்சு குடலை ஒட்டிய கொழுப்புக்குள் அகப்படாமல் கிடக்கலாம். அப்படியானால் அது மூன்றாம் நிலை, கீமோ கட்டாயம் பேச வேண்டியது.

நாளையே பேத்தாலஜி ஆய்வகத்தில் கேளுங்கள்: வெட்டியெடுத்த குடல் ஃபார்மலினில் இன்னும் இருக்கிறதா? இருந்தால், மறுபடி முடிச்சு தேடும்படி அறுவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். பல இடங்களில் சில வாரங்களிலேயே அதை அப்புறப்படுத்திவிடுவார்கள். பிறகு மெழுகுக் கட்டிகள்தான் (மெழுகில் பதித்து வைத்த சிறு திசுத் துண்டுகள்) மிஞ்சும். டிஸ்சார்ஜ் தாளில் நிலையை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பும் பழக்கம் என்று ஒழியுமோ! முழு பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.

அதில் பாருங்கள்: டி4 (குடலின் வெளிப்பரப்பையோ பக்கத்து உறுப்பையோ எட்டிய புற்று), ரத்தக்குழாயிலோ நரம்பிலோ ஊடுருவல், வெட்டிய ஓரத்தில் புற்று, குடல் அடைப்பு அல்லது ஓட்டை. ஒன்று இருந்தாலும் ஆபத்து கூடுகிறது. முடிச்சு 12-க்குக் குறைவு என்பதும் இதே கணக்கில் சேரும்.

செல்கள் மிகவும் உருமாறியவை என்று எழுதியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். மெழுகுக் கட்டியில் எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதம்) பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தப் புரதம் இல்லாத புற்றுக்கட்டியில், செல்லின் தோற்றத்தைக் கெட்ட அறிகுறியாக எண்ணக் கூடாது. இரண்டாம் நிலையில் அத்தகைய கட்டிக்கு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை மட்டும் கொடுப்பதால் பலனில்லை. ஆகவே முடிவு கையில் வந்த பிறகே மாத்திரை. அதற்காக இழுத்தடிக்கவும் கூடாது. கீமோ தேவையென்றால் அறுவையிலிருந்து 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

பொடி வேண்டாம். எந்தப் பொடியும் நோய் திரும்புவதைத் தடுப்பதாக நிரூபணமில்லை. விற்பவர் 'கீமோவுக்குப் பதில்' என்றால் அங்கேயே பேச்சை முடியுங்கள். மாதாமாதம் பெட் ஸ்கேன் என்று கூட்டிப்போகும் தரகரும் இதே ரகம். வழக்கமான கண்காணிப்பில் அது கிடையாது.

திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுக்குள் தெரிந்துவிடும். சிஇஏ (நோய் திரும்பினால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை இரண்டு ஆண்டு வரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பின் ஐந்து ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். புகைபிடித்தாலும் அது ஏறும். ஒரு தடவை ஏறினால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு, வயிறு, இடுப்பு சிடி 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை.

கொலோனோஸ்கோப்பி ஓராண்டில். அறுவைக்கு முன் அடைப்பால் முழுக்குடலையும் பார்க்க முடியாமல் போயிருந்தால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. 3 முதல் 6 மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.