விரிப்பில் ரத்தக்கறை இல்லையே, சந்தேகப்படலாமா?

கேள்வி: திருமணமாகி ஐந்து நாள் ஆகிறது. முதல் முறை உறவு கொண்டபோது மனைவிக்கு ரத்தம் வரவில்லை. விளக்கைப் போட்டு விரிப்பையும் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கன்னித்திரை முன்பே கிழிந்திருக்குமா? டாக்டரிடம் காட்டினால் தெரியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தெரியாது. எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்று ஒருவர் முன்வந்தால் அவரை நம்பாதீர்கள்.

திரை என்று பெயர் வைத்ததுதான் முதல் கோளாறு. வாசலை மூடித் தொங்குகிற ஏதோ ஒன்று, முதல் முறை கிழியும் என்று அந்தச் சொல்லே நினைக்க வைத்துவிடுகிறது. அப்படி மூடியிருந்தால் மாதவிடாய் ரத்தம் எந்த வழியாக வெளியே வரும்? ரொம்ப அபூர்வமாகச் சில பெண்களுக்குப் பிறவியிலேயே அடைத்திருக்கும், அவர்களுக்கு ரத்தம் உள்ளேயே தேங்கி மாதாமாதம் வயிறு வலிக்கும், சின்ன அறுவை செய்து திறந்துவிட வேண்டும். மற்றவர்களுக்கு இருப்பது யோனி வாயின் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சதை மடிப்பு, சுருக்கு வைத்துத் தைத்த துணியின் விளிம்பு மாதிரி. சிலருக்கு முழு வளையம், சிலருக்குப் பிறை, சிலருக்கு நடுவில் ஒரு கீற்று, சிலருக்குச் சட்டென்று கண்ணுக்குத் தெரியாத அளவு. பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரந்து இந்த மடிப்பு தடித்து, நன்றாக நெகிழ்கிற தன்மைக்கு வந்துவிடுகிறது. அதனால் பலருக்கு முதல் முறையில் அது விரிந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். லேசாகக் கிழிந்தாலும் தடயம் இல்லாமல் ஆறிவிடலாம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கர்ப்பமாக இருந்த 36 பதின்வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள், உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் 2 பேரிடம்தான் இருந்தது. கர்ப்பிணிகளிடமே இந்தக் கதை!

சைக்கிள் ஓட்டியதில் கிழிந்திருக்கும் என்று உங்களுக்குச் சிலர் சமாதானம் சொல்லக்கூடும். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், அந்தச் சதையைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தைப் படிக்க முடியும் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, சிலருக்கு ரத்தம் வருகிறதே? வருகிறது. பயத்தில் தசை இறுகி, ஈரம் ஊறாமல், அவசரப்பட்டால் மென்மையான இடம் உராய்ந்து கிழிகிறது. அது ஒரு காயம். நீங்கள் விளக்கைப் போட்டுத் தேடியது உங்கள் மனைவியின் காயத்தை.

கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, எல்லா நாடுகளும் அதைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து அறிவித்தது. பிரிட்டன் 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. ஆகவே டாக்டரிடம் இழுத்துப் போகிற எண்ணத்தை இன்றே விடுங்கள். உங்கள் மனைவிக்கு வலி இருந்தால் மட்டும், அவர் விரும்பினால், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுந்து விரிப்பைப் பார்த்தபோது அவரும் அதே அறையில்தான் இருந்தார். அதற்கு மன்னிப்பு கேளுங்கள், சுற்றி வளைக்காமல், இன்றைக்கே.