காலியான தொகுதிக்கு யாரை நிறுத்துவது? – வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

(நெல்லைச் சீமையிலிருந்து இம்முறை வந்த கடிதங்களுள் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களும் தொகுதிகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எங்கள் சட்டமன்ற உறுப்பினர் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் கட்டாயம் வந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் வந்துவிடும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 151ஏ பிரிவு, இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கிறது. எஞ்சியுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தாலோ, அந்தக் கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ இவ்விதி பொருந்தாது. முந்தைய தேர்தலைப் பற்றிய வழக்கு நிலுவையில் இருந்தாலும் தாமதம் ஏற்படலாம். 2019இல் ஓட்டப்பிடாரம் அப்படித்தான் முதல் அறிவிப்பில் இடம்பெறாமல் போய், வழக்கு திரும்பப் பெறப்பட்ட பிறகு மே 19 அன்று வாக்குப்பதிவைக் கண்டது. ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல், ஆளைத் தேடும் வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு கட்சியின் ஒன்றிய நிர்வாகி. காலியான எங்கள் தொகுதிக்கு வேட்பாளரைப் பரிந்துரைக்குமாறு மாவட்டத் தலைமை எங்களைக் கேட்டிருக்கிறது. மூன்று பேர் விருப்ப மனு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பக்கத்து ஊரில் பிறந்து, சென்னையில் மொத்த வியாபாரம் செய்பவர். செலவு முழுவதையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இரண்டாமவர் ஒன்றியக் குழுவின் முன்னாள் தலைவர். செல்வாக்கு உண்டு, ஆனால் அடிதடி வழக்கு ஒன்று நிலுவையில் உள்ளது. மூன்றாமவர் பீடித் தொழிலாளர்களுக்காக இருபது ஆண்டுகளாக உழைத்து வரும் பெண்மணி. கையில் பணம் இல்லை, தொகுதியின் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவரும் அல்லர். வெல்லக்கூடியவர் யார் என்று எப்படிக் கணிப்பது?

பதில்: மூவரில் ஒருவரின் பெயரை நான் சொல்வது முறையாகாது, அவர்களை நான் அறியேன். ஆனால் கணிக்கும் வழியைச் சொல்ல முடியும்.

சென்ற இரண்டு பொதுத் தேர்தல்களின் படிவம் 20ஐ முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யார் எத்தனை வாக்குப் பெற்றார் என்பது அதில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். நம் வட்டாரத் தொகுதி ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்காளர்களும் முந்நூறையொட்டிய வாக்குச்சாவடிகளும் இருக்கும். அந்தப் பட்டியலை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, மூவரையும் தனித்தனியே அழைத்து, ஒவ்வொரு சாவடிக்கும் நேராக, காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து பெட்டிக்கு முத்திரை வைக்கும் வரை கூலி கேளாமல் உட்காரக்கூடிய ஒரு முகவரின் பெயரைத் தாமே எழுதச் சொல்லுங்கள். யார் பேனா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இருநூறு பெயரை எழுதுபவரும் நாற்பதோடு நிற்பவரும் ஒரே நாளில் தெரிந்துவிடுவார்கள்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இளமையில் நாங்குநேரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிச் சாவடியில் முகவராக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வேட்பாளர் வசதி படைத்தவர். வெளியூரில் தொழில் செய்தவர். பிரச்சாரத்துக்கு வந்தபோது திறந்த ஜீப்பில் நின்றபடி, மைக்கை வாங்குமுன் குனிந்து ஓட்டுநரிடம் ஊரின் பெயரைக் கேட்டார். பம்படியில் குடத்தோடு நின்ற ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, "ஏ அண்ணாச்சி, அவுக ஊர்ப் பேரையே டிரைவர்ட்ட கேட்டுட்டுல்லா பேசுதாவ" என்றார். வாக்குப்பதிவு நாளில், எங்கள் பக்கம் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட இரண்டாவது முகவர் மூன்று மணிக்கு எழுந்து போய்விட்டார். எதிர்த்தரப்பு முகவரோ வாக்களித்தவர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்து, வராதவர்களின் வீட்டுக்கு மாலை நான்கு மணிக்கு ஆள் அனுப்பினார். அந்தச் சாவடியில் நாங்கள் தோற்றது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

இப்படி ஒரு சாவடிக்குப் பத்து வாக்கை இழப்பது சிறிய கணக்கு அன்று. 2016இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது வெறும் 49 வாக்கு வித்தியாசத்தில்; அந்த முடிவை எதிர்த்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடந்தது.

பணத்தைப் பற்றி: சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளர் செய்யக்கூடிய செலவின் உச்சவரம்பு 2022இலிருந்து 40 லட்சம் ரூபாய். முடிவு அறிவித்த 30 நாளில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு தகுதியிழப்பு நேரலாம். உச்சவரம்புக்கு மேல் செலவிட ஒருவர் முன்வருகிறார் என்றால், அது கட்சிக்கு அவர் தரும் பலம் அன்று, சுமை. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரால் வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கையில் நிறுத்தப்பட்டதை நினைவில் வையுங்கள்.

இரண்டாமவரின் வழக்கைப் பற்றி உங்கள் தலைமைக்கு ஒரு சட்டக் கடமை இருக்கிறது. 13.02.2020 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணைப்படி, குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்தும் கட்சி, வழக்கு விவரத்தோடு, அவரை ஏன் தேர்ந்தெடுத்தது, வழக்கில்லாத மற்றவரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற காரணத்தையும் வெளியிட வேண்டும். அந்தக் காரணம் அவருடைய தகுதி, சாதனை, திறமை ஆகியவற்றைச் சார்ந்ததாக இருக்க வேண்டுமே தவிர, "வெற்றி வாய்ப்பு உள்ளவர்" என்பது மட்டும் காரணம் ஆகாது. ஆகவே வழக்கு எப்படிப்பட்டது, கால்வாய்த் தண்ணீருக்காகப் போராடியபோது பதிந்ததா, ஓர் ஏழையை அடித்ததற்காகப் பதிந்ததா என்று முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டுப் பரிந்துரையுங்கள். இரண்டும் ஒரே பிரிவில் இருக்கலாம். ஊர் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

சாதிக் கணக்கை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. நம் சீமையில் எல்லாக் கட்சிகளும் முதலில் எடுப்பது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான். ஆனால் பெரிய கட்சிகள் இரண்டும் ஒரே சமூகத்தவரை நிறுத்தும்போது அந்த வாக்கு இரண்டாகப் பிரிகிறது. வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் மற்றவர்களாகிவிடுகிறார்கள். 2019 அக்டோபரில் நாங்குநேரி இடைத்தேர்தலின்போது, பட்டியல் சாதிகளுள் சில உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்காகச் சில ஊர்கள் வாக்குப்பதிவையே புறக்கணித்தன. மக்கள்தொகைப் பட்டியலை மட்டும் பார்த்து ஆள் தேடுபவருக்கு இந்த ஆற்றாமை கண்ணில் படாது. பீடிக்கூலி, வாழைக்காய் விலை, மணிமுத்தாறு கால்வாயின் நான்காவது ரீச்சுக்கு (பகுதிக்கு) தண்ணீர் வருமா என்பவற்றை ஒவ்வொரு ஊரிலும் பேசிப் பழகியவருக்கே அது தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: தோற்றாலும் மறுநாள் தொகுதியில் இருப்பவரை நிறுத்துங்கள். நாங்குநேரியில் அந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் ரெட்டியார்பட்டி நாராயணனிடம் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்ற காங்கிரசின் ரூபி மனோகரன், 2021இல் அதே தொகுதியில் வென்றார். விளாத்திகுளத்தில் 2019 இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற மார்க்கண்டேயன், 2021இல் தி.மு.க. வேட்பாளராக அதே தொகுதியில் வென்றார். ராதாபுரத்தில் 49 வாக்கில் தோற்ற அப்பாவுவும் 2021இல் வென்று சபாநாயகரானார். அரசியல் காற்றும் கூட்டணியும் இடையில் மாறின என்பது உண்மையே. ஆனால் காற்று மாறும்போது தொகுதியில் நின்றுகொண்டிருந்தவர்கள் இவர்கள். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் முழுப் பலமும் ஒரே தொகுதியில் வந்து இறங்கும். எதிரணியில் இருந்தால் தோல்வியையும் கணக்கில் எடுத்து, அடுத்த பொதுத் தேர்தலுக்கும் சேர்த்து ஒருவரை வளர்ப்பதே அறிவுடைமை. சென்னை வியாபாரியிடம் ஊரில் வீடெடுத்துத் தங்குவாரா என்று கேளுங்கள். பீடித் தொழிலாளர்களின் அம்மாவிடம், செலவுக்குக் கட்சி எவ்வளவு தரும் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டு, பிறகு அவருடைய முகவர் பட்டியலைக் கேளுங்கள்.

கேள்வி: என் மைத்துனர் நெடுஞ்சாலைத் துறைப் பணிகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறார். அவரை இடைத்தேர்தலில் நிறுத்தக் கட்சி ஆர்வமாக உள்ளது. தடை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மாநில அரசோடு தம் தொழில் முறையில் செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், மேலே சொன்ன மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி அவர் சட்டமன்றத் தேர்தலுக்குத் தகுதியற்றவர். வேலையை முழுவதும் முடித்துவிட்டு, பில் தொகை மட்டும் வரவேண்டியிருந்தால் அது தடையாகாது. பாதி போட்ட சாலை ஒன்று இருந்தாலும் மனு பரிசீலனையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். பணி முடிந்ததற்கான துறைச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்சியிடமும் சொல்லி, தன் வேட்பாளர் இன்னார் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குத் தரும் பி படிவத்தில் மாற்று வேட்பாளர் ஒருவரின் பெயரைச் சேர்த்து, அவருடைய மனுவையும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.