ஒரே கட்டுரை இரண்டு பேருக்கும் பொருந்தாது

கேள்வி: நான் கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் இளம் வைத்தியர். அறுவடைக் காலத்தில் எங்கள் வாட்டுக்கு வந்த எலிக்காய்ச்சல் நோயாளர்களைப் பற்றி மருத்துவச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினேன். அதையே இலகு தமிழாக்கி, கமநல சேவை நிலையக் கூட்டத்தில் துண்டுப்பிரசுரமாகக் கொடுத்தேன். வாசித்த, வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டவிதானை ஒருவர், "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டொக்டர், இப்ப நாங்க என்ன செய்யிற?" என்றார். இன்னும் எவ்வளவு இலகுவாக எழுதுவது? இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, அம்பாறை மாவட்டம்

பதில்: இதற்கு மேல் இலகுவாக்க வேண்டியதில்லை. பிரசுரத்தில் விளங்காத சொல் ஒன்றுமே இல்லை. ஆனால் சொற்களை மாற்றிய நீங்கள் வரிசையை அப்படியே விட்டுவிட்டீர்கள். முதலில் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பக்டீரியா, அடுத்து விபரம் திரட்டிய விதம், பிறகு வீதக் கணக்கு. தடுப்புக் குளிசை எங்கே கிடைக்கும் என்பது கடைசிப் பக்கத்தில் கடைசி வரி. வெட்டு மெசின் வந்து நிற்கும்போது யார் அதுவரை வாசிப்பார்?

சஞ்சிகைக்கு அந்த வரிசைதான் வேண்டும். அதை வாசிக்கும் வைத்தியர் உங்களைச் சோதிக்க வருகிறார். எலிக்காய்ச்சல் என்று எதை வைத்து முடிவெடுத்தீர்கள், நோயை உறுதிசெய்யும் எம்.ஏ.ரி. இரத்தப் பரிசோதனை செய்தீர்களா, சில நாள் கழித்து இரண்டாவது இரத்த மாதிரி எடுத்தீர்களா என்றெல்லாம் துருவுவார். விவசாயிக்கு இந்தச் சந்தேகம் எதுவும் கிடையாது. தனக்கு வருமா, வந்தால் எங்கே போவது, அவ்வளவுதான்.

எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையையே உதாரணமாக எடுங்கள். 1984இல் வெளிவந்த ஆய்வில், பனாமாக் காட்டில் சுமார் மூன்று வாரம் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரில் ஒரு பகுதியினருக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. போலிக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும். பாதுகாப்பு 95 வீதம். ஆனால் 2000இல் வெளிவந்த அந்தமான் ஆய்வு வேறு கதை சொன்னது. அங்கே குளிசை தொற்றைத் தடுக்கவில்லை, நோயையும் மரணத்தையும்தான் குறைத்தது. மூன்று வாரம் காட்டில் இருந்த படையினனும் போகத்துக்குப் போகம் சேற்றில் நிற்பவரும் ஒன்றா? இதைப் பற்றிச் சஞ்சிகையில் பக்கம் பக்கமாக எழுதலாம், எழுதவும் வேண்டும்.

பிரசுரத்தில் நீங்கள் அந்த 95ஐ மட்டும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டீர்கள். அதை வாசிப்பவர் 'குளிசை போட்டால் வராது' என்றே எடுப்பார். பிறகு காய்ச்சல் வந்தாலும் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பார். எனக்குப் பயம் அங்கேதான். சில வேளை, போடாவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு வரும் என்றும் நினைப்பார். இலக்கம் கட்டாயம் வேண்டுமென்றால், அந்தப் படையினரில் ஐந்நூறு பேருக்கு 21 பேர் என்றிருந்தது ஒருவராகக் குறைந்தது என்று எழுதுங்கள். நானென்றால் இலக்கத்தையே விட்டுவிட்டு இப்படித் தொடங்குவேன்:

"வயலில் இறங்க முதல் எம்.ஓ.எச். கந்தோரிலோ பி.எச்.ஐ.யிடமோ எலிக்காய்ச்சல் குளிசை கேளுங்கள். காசு இல்லை. வாரம் ஒரு தரம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் குளிசை கூடாது. குளிசை போட்டாலும் காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு உடம்பு உளைவு, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு இருந்தால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதை டொக்டரிடம் சொல்லுங்கள். சலம் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்."

காரணங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். எலி மட்டுமல்ல, மாடு, எருமையின் சலத்திலும் இந்தக் கிருமி வரும். 'எங்கட வட்டையில எலி இல்ல' என்று காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்குபவர் அந்த வரியைப் பார்த்துத்தான் யோசிப்பார். பக்டீரியாவின் வடிவம் அவருக்கு எதற்கு?

அச்சடிக்க முதல் வயல் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு வாசிக்கக் கொடுங்கள். 'விளங்கினதா' என்று கேட்டால் டொக்டரின் முகத்துக்காக எல்லாரும் ஓம் என்பார்கள். 'நாளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். பதில் பனடோலில் தொடங்கினால், ஆசுபத்திரி வரியை இன்னும் மேலே ஏற்றுங்கள்.

சஞ்சிகைக் கட்டுரையில் பெரிதாகக் கைவைக்க வேண்டாம். நோயை எப்படி உறுதிசெய்தீர்கள் என்பது மட்டும் ஒரே வரியில் ஓடிவிட்டது. பரிசோதனை செய்யாமல் அறிகுறியை வைத்து மட்டும் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பதைத் தனியாகக் காட்டுங்கள். மதிப்பாய்வாளர் முதலில் அங்கேதான் பிடிப்பார்.