83 பெரிதா, 7 பெரிதா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் 5 வாற் எல்இடி பல்பு ஒன்றை எரிப்பதற்கு 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி வைத்திருந்தேன், அது செத்துவிட்டது. புதியது வாங்கக் கல்முனைக்குப் போனால், கடைக்காரர் 16 வோல்ற், 83 பரட் சுப்பர் கப்பாசிற்றர் தொகுதி ஒன்றைக் காட்டி, "பற்றரி வெறும் 7, இது 83. ஆயுசுக்கும் பழுதாகாது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: பல்பு எரிக்கத்தான் என்றால் வேண்டாம். அந்த 83 உம் 7 உம் வேறு வேறு அளவுகள். பரட் என்பது, மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிற்றர் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு. அம்பியர்-மணி என்பது பற்றரி மொத்தமாக எவ்வளவு மின்னேற்றம் தரும் என்ற அளவு. நெல் மூட்டையின் எடையையும் வயலின் பரப்பையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதைப் போன்றது. இரண்டையும் சக்தியாக மாற்றினால்தான் ஒப்பிடலாம்.

கப்பாசிற்றரில் உள்ள சக்தி, பரட்டை வோல்ற்றின் வர்க்கத்தால் பெருக்கி வரும் தொகையில் பாதி. பாதி ஏனென்றால், மின்னேற்றம் நிரம்ப நிரம்பத்தான் வோல்ற் பூச்சியத்திலிருந்து மேலே ஏறுகிறது, சராசரி பாதிதான். 83 × 16 × 16, அதில் பாதி 10,624 யூல் (சக்தியின் அலகு). ஒரு வாற்-மணி 3,600 யூல், ஆகவே 3,600ஆல் வகுத்தால் 3 வாற்-மணிகூட வராது. உங்கள் பற்றரியோ 12 × 7, அதாவது 84 வாற்-மணி.

அந்த மூன்றையும் முழுதாக எடுக்க முடியாது. வோல்ற் பாதியாகும்போது சக்தி கால்பங்காகிவிடும். 8 வோல்ற் வரை இறக்கினாலும் 7,968 யூல்தான் கிடைக்கும். 5 வாற் பல்பு ஏறக்குறைய 26 நிமிடம் எரியும். 12 வோல்ற் பல்பு அதற்கு முன்பே மங்கத் தொடங்கிவிடும். ஈயப் பற்றரியைப் பாதிவரை மட்டும் பாவித்தாலும் எட்டு மணித்தியாலம் ஓடும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. சுப்பர் கப்பாசிற்றரை இலட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவது போல, ஒரு நொடிக்குப் பெரிய கரண்ட் வேண்டிய இடத்தில் அருமையான சாமான். ஆனால் வெயிலில் காயவிட்டாலோ, தொகுதிக்குள் தொடராக இணைத்திருக்கும் சிறு செல்களில் ஒன்று 2.7 வோல்ற்றைத் தாண்டினாலோ அதுவும் கெடும்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? ரேடியோ திருத்துபவரிடம் கொடுத்து 1 அம்பியர் மாறாக் கரண்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 4 வோல்ற்றிலிருந்து 8க்கு ஏற ஐந்தரை நிமிடம் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஏறினால் லேபல் பொய். அப்போது பில்லை எடுத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஏற்றிய தொகுதியின் இரண்டு முனைகளிலும் மோதிரமோ ஸ்பானரோ ஒருசேரப் படக்கூடாது.